ஓவர்மாரோ

சுஜிதா தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தாள். இப்போது யாரும் பேசாத பழைய இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைச் சீட்டில் எழுதி, தினமும் கணவன் ஸ்டான்லியின் டிபன் பாக்ஸ் மூடியில் ஒட்டி அனுப்புவாள். போனில் தேடக் கூடாது. சாயங்காலம் அவன் வாய்க்கு வந்த அர்த்தத்தைச் சொல்வான். சிரித்து முடித்துவிட்டு அவள் சரியானதைச் சொல்வாள்.

'ஓவர்மாரோ' என்று எழுதி அனுப்பிய அன்று மத்தியானம் வகுப்பிலேயே விழுந்தாள். பிறகு எழவில்லை.

பத்து மாதமாக அந்தச் சீட்டு, குற்றாலத்தில் அவன் வேலை பார்க்கும் லாட்ஜில், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. அர்த்தத்தை அவன் தேடவில்லை. அவளிடம் கேட்க அது ஒன்றாவது பாக்கி இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

சாரல் தொடங்கி ரூம்கள் நிரம்பிய ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் தம்பி பென்னி அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தான். சீட்டைப் பார்த்தான்.

"என்ன அத்தான், அக்கா எழுதுனதா? இதுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியாது."

"எம்.காம். படிச்சிட்டுத் தெரியாதுங்கீய! இரிங்க, பாத்துச் சொல்லுதேன்."

"ஏலே, வேண்டாம்லே."

"இந்தா வந்துட்டு. நாளன்னைக்குன்னு அர்த்தமாம். இம்புட்டுத்தான்."

மேஜையில் போன் அடித்தது. ஸ்டான்லி எடுத்தான். ரூம் எப்போது கிடைக்கும் என்று யாரோ கேட்டார்கள். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "வியாழக்கிழமை" என்றான்.