மூன்று அறையும் ஒரு சோபாவும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சோபாவில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவு வேலையை விட்ட பிறகும் என் தூக்கம் பகலிலேயே தங்கிவிட்டது. அதைத் திருப்பிக் கூட்டிவரத்தான் மனநல ஆலோசகர் ஓராஸ்குலிடம் போனேன். தூக்கம் வரவில்லை, கதை வந்தது.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

[கசாக்ஸ்தானின் ஷிம்கென்ட் நகரத்தின் மீது வசந்தம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த இனிய காலையில், காயப்பட்ட மனங்களின் தாயான ஓராஸ்குல்]

இங்கேயே நிறுத்திவிட்டேன். வசந்தம் இறங்கியதை நான் பார்க்கவில்லை. ஓராஸ்குல் யாருக்கும் தாய்போல நடந்துகொள்கிறவளும் இல்லை. போன தடவை என்னைப் பார்த்து, "தூக்கம் வரலன்னா வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுந்து பாத்திரம் கழுவுங்க" என்றாள்.

இரண்டாவது தொடக்கம்: நாளைக்குள் ஓராஸ்குல், வாடகைக்கு இடம் தருகிற வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

என்ன பதில்? மூன்று அறை உள்ள புது இடத்தை எடுப்பதா, வேண்டாமா என்பதுதான்.

இப்போது அவள் இருப்பது ஒரு திரைச்சீலைக் கடையின் பின்னறையில். கடை வழியாக உள்ளே போகலாம், முற்றத்து வழியாக வெளியேறலாம். வருகிறவரும் போகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. கேட்பவர்களிடம், "திரைச்சீலை பார்க்கப் போனேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். வெறுங்கையோடு திரும்பினால் சந்தேகப்படுவார்களே என்று துணியும் வாங்கிப் போவார்கள். ஓங்கார் என்ற ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரின் வீட்டில் ஜன்னல் இரண்டுதான். அவர் வாங்கியிருக்கும் துணிக்கு ஓர் அரண்மனை வேண்டும்.

(ஓங்கார் என்பது அவருடைய உண்மையான பெயர் இல்லை. உண்மையான பெயரைப் போட்டால் இந்த ஊரில் பாதிப் பேர் அவருக்கு உறவாக இருப்பார்கள். பொய்ப் பெயரைப் போட்டாலும் அப்படித்தான்.)

அந்த ஒரே அறையை ஓராஸ்குலும் இன்னோர் ஆலோசகரான இளையவள் பேகைமும் முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள். வர விரும்புகிறவர்களோ கூடிக்கொண்டே போகிறார்கள். "அக்கா, எனக்குன்னு ஒரு அறை இல்லன்னா நான் அல்மாட்டி நகரத்துக்குப் போயிடுவேன்" என்று பேகைம் சொல்லிவிட்டாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் ஓராஸ்குலுக்குப் பயமாக இருந்தது.

3

புது இடத்தின் வீட்டுக்காரர் நல்ல மனிதர். "ஒரு நாள் வேலை செஞ்சு பாரும்மா, பிடிச்சா எடு" என்று சாவியைக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் தனித்தனி அறை. நடுவில் மூன்றாவதாக ஒரு காத்திருப்பு அறை, அதில் நீளமான சோபா.

தவறு இங்கேதான் நடந்தது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். ஆட்கள் உட்காரும் இடத்தில் டீ இல்லாமல் எப்படி என்று பேகைம் சோபாவுக்கு முன்னால் ஒரு மேசை போட்டாள். பாவுர்சாக் என்ற மாவு உருண்டைகளைப் பொரித்துக்கொண்டுவந்து குவித்தாள். பாலும் உலர்திராட்சையும் வைத்தாள்.

முதலில் ஓங்கார் வந்தார். பிறகு மாருவா என்ற அம்மாள். மகனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்ற கவலையில் பேகைமிடம் வருகிறவர். மூன்றாவதாக நான். எல்லோருமே சீக்கிரம் வந்துவிட்டோம், எல்லோரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஜன்னலில் திரைச்சீலை இல்லை.

முதல் கோப்பை காலியானது.

"அண்ணே, நீங்க எந்த வம்சம்?" என்று மாருவா கேட்டார்.

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. இரண்டு கசாக்கியர் ஓர் அறையில் அகப்பட்டால் ஏழு தலைமுறை மேலே ஏறிப் பார்ப்பார்கள். ஒரே பாட்டன் கிடைத்தால் பங்காளி. கிடைக்காவிட்டால் பெண் கொடுத்து எடுக்கத் தடையில்லை. ஆக, சம்பந்தி. இதற்கு மூன்றாவது வழி கிடையாது.

"பொதுப் பாட்டன் இல்லியே!" என்று மாருவா கையைத் தட்டினார். "உங்க வீட்டுல பொண்ணு இருக்கா?"

"தம்பி பொண்ணு இருக்கு. பல் டாக்டரு."

"எம்பையனுக்குப் பல்லே சரியில்ல!"

ஓங்கார் சிரித்தார். மனைவி இறந்துபோனதிலிருந்து அவர் சிரித்ததை யாரும் கேட்டதில்லையாம். திறந்திருந்த கதவு வழியாக அந்தச் சிரிப்பைக் கேட்ட ஓராஸ்குல் பேனாவைக் கீழே வைத்தாள்.

(பேனாவைக் கீழே வைத்தாள் என்பது என் கற்பனை. அவள் உள்ளே இருந்தாள், நான் வெளியே இருந்தேன். ஆனால் சத்தியமாக வைத்திருப்பாள்.)

என்னையும் அவர்கள் விடவில்லை. என் அம்மா ஓங்காரின் வம்சத்துப் பெண் என்று கண்டுபிடித்தார்கள். "அப்படின்னா நீ எனக்கு மருமவன்டா! இத்தன நேரம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்க!" என்று ஓங்கார் என் முதுகில் ஒன்று வைத்தார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. பேகைம் வந்து எல்லோருடைய கோப்பையையும் விளிம்பு வரை நிரப்பினாள். விருந்தாளிக்கு அரைக் கோப்பைதான் ஊற்ற வேண்டும், அப்போதுதான் திரும்பத் திரும்ப ஊற்றலாம். நிரப்பிவிட்டால் கிளம்பு என்று பொருள். பழைய பின்னறையில் ஓராஸ்குல் கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டாள். நேரம் முடிந்தால் கோப்பையை நிரப்புவாள், வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

"என்னடி பொண்ணே, வெரட்டுறியா?" என்றார் மாருவா.

ஓங்கார் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையைத் திரும்ப நீட்டினார்.

4

இனி வருவது, உள்ளே நடந்தது. அது எனக்கு எப்படித் தெரியும்? மருமகன் தாய்மாமனிடம் மூன்று தடவை எதைக் கேட்டாலும் மறுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வேறு யாராவது குதிரை கேட்டிருப்பார்கள். நான் கேட்ட முதலாவது, உள்ளே என்ன நடந்தது என்பது. இரண்டாவது, அதை எழுதலாமா என்பது.

உள்ளே ஓங்கார் உட்கார்ந்தார். வெளியே வாய் ஓயாமல் பேசிய மனிதர் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது கனமான செவருதானே?"

"கனம்தாண்ணே."

"வெளிய இருக்கறது இப்ப சம்பந்தியம்மா. நான் பஸ்ஸ டெப்போல விட்டுட்டு அதுக்குள்ளயே உக்காந்து அழுவேன்னு உன்கிட்டச் சொன்னேனே..."

"அது இந்த அறைய விட்டு வெளிய போகாது."

"போகாது. ஆனா நான் போவேனே. போனா அவங்க மூஞ்சியப் பாக்கணுமே."

அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓராஸ்குல் கோப்பையை நிரப்பக்கூட இல்லை. அவராகவே எழுந்து, வெளியே வந்து, சம்பந்தியிடம் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்.

இதுதான் ஓராஸ்குலின் சிக்கல். பின்னறையில் அந்த மனிதர் பேசுகிறார், ஆனால் சிரிப்பதில்லை. புது இடத்தில் சிரிக்கிறார், ஆனால் பேசுவதில்லை. இரண்டில் எது வைத்தியம்?

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

[ஓராஸ்குல் புது இடத்தை எடுக்கிறாள். பேகைம் தங்கிவிடுகிறாள். சோபாவைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, ஆளுக்கொரு வாசல்] இந்த வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். இன்னொன்றை நானே இடித்துத் திறக்க முடியாது.

[சாவியைத் திருப்பிக் கொடுக்கிறாள். பேகைம் ரயில் ஏறுகிறாள். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள்] இதையும் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அந்தக் காத்திருப்பவர்களில் என் பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவர். இரவில் அவர் அழுவது சுவர் வழியாக எனக்குக் கேட்கிறது.

[ஓராஸ்குல் ஆலோசனையை மூட்டைகட்டிவிட்டுக் கல்யாணத் தரகு அலுவலகம் திறக்கிறாள். அமோகமாக ஓடுகிறது.] இதைப் படித்துக் காட்டியபோது அவளே சிரித்தாள். பிறகு, "அந்தப் பக்கத்தக் கிழிச்சுடுங்க, எனக்கு ஆசை வருது" என்றாள்.

6

ஆகவே என்னிடம் மிச்சமிருந்த மூன்றாவது உரிமையை எடுத்துக்கொண்டு ஓங்கார் வீட்டுக்குப் போனேன். ஜன்னலுக்கு ஐந்தடுக்குத் திரை. மாருவாவின் மகன் பல் காட்ட வந்து போயிருக்கிறான், பல் டாக்டர் பாதிச் சம்மதமாம்.

அரைக் கோப்பை ஊற்றினார். இன்னொரு அரை. கேட்டேன்.

"மாமா, ஓராஸ்குல் அக்கா நாளைக்குப் பதில் சொல்லணும். நீங்க எங்க வருவீங்க? கடைக்குப் பின்னாலயா, சோபாவுக்கா? உங்க பதிலக் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன்னு சொல்றாங்க."

மருமகன் கேட்டால் மறுக்கக் கூடாது. ஆனால் டீ ஊற்றக் கூடாது என்று எந்த வழக்கமும் சொல்லவில்லை. கெட்டிலை எடுத்தார். சிரித்துக்கொண்டே என் கோப்பையை விளிம்பு வரை நிரப்பினார்.

நான் குடித்துவிட்டு எழுந்தேன். வேறென்ன செய்ய?

ஓராஸ்குலின் மேசையில் சாவி இருக்கிறது, பக்கத்தில் தொலைபேசி. விடிந்ததும் வீட்டுக்காரர் கூப்பிடுவார். அவள் என்ன சொல்வாள் என்று உங்களுக்கு ஏதோ தோன்றியிருக்கும். அதுவே இருக்கட்டும்.

உங்கள் கோப்பையைக் கொஞ்சம் இப்படி நீட்டுங்கள். ஆங். நிறைந்துவிட்டது.