விவரிக்கக் கூடாத கருவி

1.

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அந்த வீட்டுப்பாடத்தில் நான் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் இப்போது என்னை நாற்காலியில் உட்காரவிடாமல் செய்கிறது.

வாரத்தில் மூன்று மாலைகள் ஆங்கிலம் படிக்கிறேன், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில். பகலில் பார்சல் அலுவலகத்தில் பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு ஒட்டுகிறேன். வகுப்பில் நடந்ததையெல்லாம் டைரியில் எழுதுவேன்: தேதி, எத்தனை பேர் வந்தோம், புதுச் சொற்கள் எத்தனை. அதனால் அண்ணி எனக்கு வைத்த பெயர் 'டைரி'.

தொடக்கத்துக்கு மூன்று வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன்.

'அண்ணி ஒரு கண்டுபிடிப்பாளர்.' பாடப்புத்தகம் போல இருக்கிறது.

'ஒரு திருட்டு நடந்தது, திருடியவளுக்கே தெரியாமல்.' எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொள்வது போல இருக்கிறது.

'ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, பதினோரு பேர் வந்திருந்தோம்.' இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2.

ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, பதினோரு பேர் வந்திருந்தோம். மிஸ் பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட். வலப்பக்கம் கண்டுபிடிப்புகளை விவரிக்க இருபது சொற்கள்: டிவைஸ், லீவர், ஸ்பிரிங் என்று போனது. நேரமாகிவிட்டதால் பதினெட்டோடு நிறுத்தினார்.*

இடப்பக்கம்தான் எனக்குத் தொல்லை. தமிழில் முடியும், கூடும், வேண்டும் எல்லாம் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. வாக்கியம் முடிகிறவரை மனதை மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் வினைக்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டும். நான் முன்கூட்டியே முடிவெடுக்கிற ஆள் இல்லை.

வீட்டுப்பாடம் இதுதான்: 'நான் ஒரு பொருளைக் கண்டுபிடித்திருக்கிறேன்' என்று தொடங்கிப் பத்து வாக்கியங்கள். அடுத்த வகுப்பில் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள்.

*இருபதாவது சொல் பேட்டன்ட், அதாவது காப்புரிமை. அது அடுத்த வாரம்தான் வந்தது.

3.

அண்ணி சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறார். அண்ணனுக்கு வெளியூரில் வேலை; வீட்டில் நாங்கள் இருவர்தான். காலரின் முனையில் துணியைத் திருப்பும்போது அது நழுவும். நழுவினால் பிரித்துத் தைக்க வேண்டும். நழுவாமல் பிடித்துக்கொள்ள அண்ணி வீட்டுத் தையல் மெஷினில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினார். பழைய குடைக்கம்பி ஒன்றை வளைத்து, அதன் நுனியில் ஒரு

(நிறுத்துகிறேன். போன தடவை இந்த வாக்கியத்தை முடித்ததால்தான் இத்தனையும். நீங்கள் தையல் மெஷின் பழுதுபார்ப்பவர் இல்லை என்பதற்கு எனக்கு என்ன உத்தரவாதம்? ஒரு கண்டுபிடிப்பைப் பற்றிய கதையில் அந்தக் கண்டுபிடிப்பை மட்டும் காட்ட மாட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எட்டு மாதம். டைரியில் இருக்கிறது: பதினேழு கம்பிகள் உடைந்தன. பதினெட்டாவது நின்றது. "கொண்டுபோய்க் காட்டுங்களேன் அண்ணி" என்றேன்.

"ஐந்நூறு காலர் தைக்கட்டும். நடுவுல ஒண்ணு நழுவினாப் போதும், பொம்பளைக்கு மெஷினப் பத்தி என்ன தெரியும்னு ஆரம்பிச்சிடுவாங்க."

அண்ணிக்கு வேண்டியது பாராட்டு அல்ல, மெஷின் பிரிவில் ஓர் இடம். வருடத்துக்கு ஒருமுறை, நல்ல யோசனை கொடுத்த ஒருவரை அங்கே மாற்றுவார்கள். இதுவரை அங்கே பெண்கள் யாரும் போனதில்லை. இந்த வருடத் தேர்வு இன்று காலை பத்து மணிக்கு.

4.

பதினொன்றாம் தேதி எல்லோரும் வாசித்தார்கள். பல் மருத்துவமனைக் காவலாளி தானாக நடக்கும் செருப்பைக் கண்டுபிடித்திருந்தார். புதிதாகக் கல்யாணமான பெயின்டர் ஒருவர், உள்ளே மனைவி கோபமாக இருந்தால் வாசலிலேயே எச்சரிக்கும் மணியைக் கண்டுபிடித்திருந்தார். மிஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

எனக்குச் சொந்தமாக எதுவும் தோன்றவில்லை. அண்ணியின் கருவியை எழுதியிருந்தேன். 'என் அண்ணி' என்று தொடங்கியிருக்கலாம். ஆனால் மிஸ் கொடுத்த வாக்கியத்தில் 'நான்' இருந்தது. கொடுத்த கோட்டின் மேலேயே நடக்கிறவள் நான்.

(இது முழு உண்மை அல்ல. வகுப்பு கைதட்டியபோது திருத்தியிருக்கலாம். கைதட்டல் நன்றாக இருந்தது. நின்று கேட்டேன்.)

அடுத்த பெஞ்சில் உட்காரும் மெக்கானிக்தான் கேள்விகள் கேட்டார். தடித்த துணியைப் பிடிக்குமா? ஊசி இடிக்காதா? பதிலுக்குப் பலகையில் படமே வரைந்தேன், அளவுகளோடு. அவர் எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. மிஸ் என் நோட்டில் 'மிக நன்று' என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டார்.

5.

நேற்று முன்தினம் அண்ணி வேலையிலிருந்து வந்து, தோள்பையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"எங்க மெக்கானிக் ஒருத்தர் இன்னிக்கு ஒண்ணு மாட்டிக் காட்டினார். அப்படியே நம்மளது. கம்பி மட்டும் புதுசு."

"எப்படி அண்ணி?"

எப்படி என்று கேட்டவள் நான்தான். குறித்துக்கொள்ளுங்கள்.

"ரெண்டு பேருக்கு ஒரே யோசனை வரக்கூடாதா என்ன? அவர் கொண்டுவந்து காட்டினார். நான் ஐந்நூறு ஐந்நூறுன்னு எண்ணிக்கிட்டு உட்காந்திருந்தேன். என் மேலதான் தப்பு."

பிறகு கருவியைக் கழற்றி, ஒரு துண்டுத் துணியில் சுற்றி இழுப்பறையில் போட்டார். "டைரி, இதையும் எழுதிக்கோ. பதினெட்டாம் நம்பர் கம்பி, பணி ஓய்வு."

எழுதினேன். சொல்லவில்லை.

6.

நேற்று மாலை மெக்கானிக்கைப் படிக்கட்டிலேயே மறித்து, அந்தக் கருவி கற்பனை இல்லை என்றேன். இந்த இடத்தில் அவரை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன். அவர் நிஜமாகவே திடுக்கிட்டார்.

"அது நிஜமா? நடக்குற செருப்புக்கும் கோவ மணிக்கும் நடுவுல நீங்களும் ஏதோ கட்டிவிட்டீங்கன்னுதானே நினைச்சேன்! சும்மா செஞ்சு பாத்தேன், வேலை செஞ்சுது. ஒரு கதைய நிஜமாக்கிட்டோமேன்னு எனக்கே பெருமை தாங்கல."

"அது எங்க அண்ணியோடது. உங்க காலர் லைன்லதான் இருக்காங்க."

"அப்ப நோட்டுல எதுக்கு நான் நான்னு எழுதினீங்க?"

அவர் இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார்.

"இதோ பாருங்க, நான் பொய் சொல்ற ஆள் இல்ல. உங்க அண்ணி வந்து கேட்கட்டும், மேனேஜர் முன்னாடியே சொல்லிடறேன். நோட்டும் வரணும், தேதிக்கு ஆதாரமா. ஆனா அவங்க வரணும். நீங்க கேட்டு நான் விட்டுக்கொடுத்தா, நாளைக்கு இன்னொருத்தர் எங்க அத்தையோடதுன்னு வந்து நிப்பாங்க."

அவர் சொன்னது நியாயம். அதனால்தான் கோபம் வந்தது.

7.

முடிவுகள்.

முதலாவது: அண்ணி நோட்டைப் படிக்கிறார், சிரிக்கிறார், "போடி பைத்தியம்" என்கிறார், இருவரும் சேர்ந்து தொழிற்சாலைக்கு ஓடுகிறோம். (இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.)

இரண்டாவது: நான் எதுவும் சொல்வதில்லை. பத்து மணி கடந்துபோகிறது. அண்ணி தன்மேல்தான் தப்பு என்று நம்பியபடி இன்னும் இருபது வருடம் காலர் தைக்கிறார். இதற்கு ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். என்னைப் பயமுறுத்துவது இதுதான்.

மூன்றாவது: அண்ணி நோட்டை மூடுகிறார். போய்ச் சொல்கிறார், இடம் கிடைக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு என்னை 'டைரி' என்று கூப்பிடுவதில்லை. கூப்பிடுவதே இல்லை. அவர் சொல்வது என்னவென்றால், "எட்டு மாசம் பக்கத்துல

இல்லை.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிந்தது. அவர் இன்னும் பேசாத பேச்சை அவர் வாயில் வைத்து, அதையும் என் தாளில் என் கையெழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை அவருடையதை எடுத்து 'நான்' என்று எழுதினேன். இன்னொரு முறை வேண்டாம்.

8.

இப்படிப்பட்ட கதைகளில் முடிவை வாசகரிடம் கொடுத்துவிட்டு எழுதுகிறவர் நழுவிவிடலாம். கொடுத்திருப்பேன். ஆனால் அது என்னுடையது அல்ல, உங்களிடம் கொடுக்க. நீங்கள் இதைப் படிக்கும்போது, உங்களுக்கு முன்பே ஒருவர் படித்திருப்பார். வேறு யாரும் படிக்கலாம் என்று அவர் சொல்லியிருப்பார். அதற்கு மேல் என்னிடமிருந்து எதிர்பார்க்காதீர்கள்.

மணி ஏழு இருபது. அண்ணியின் தொழிற்சாலை வண்டி எட்டே காலுக்கு. சமையலறையில் குழாய் திறந்திருக்கிறது. மிச்சப் பக்கத்தைக் காலியாக விடுகிறேன். நோட்டைப் பதினொன்றாம் தேதிப் பக்கத்தில் திறந்து, அண்ணி பார்க்க இந்தத் தாள்களுக்கு மேலே வைக்கப்போகிறேன்.

குழாய் நின்றுவிட்டது. எழுந்திருக்கிறேன்.