இட்லிச் சட்டியில் நாலு பிஸ்டன்

“ஏன் அம்மணி, உங்கப்பன் இஞ்சினைக் கழட்டினாரா, இல்ல இஞ்சின் உங்கப்பனைக் கழட்டிருச்சா?”

பழைய இரும்பு வாங்கும் முனியசாமி என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பதில் எனக்குத் தெரியும். இரண்டும்தான்.

பச்சைத் தேயிலையின் விலை படுத்துவிட்ட வருஷம் அது. எஸ்டேட் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே மாதம் குன்னூரில் ஒரு பங்களாவைக் காலி செய்தவர்கள், கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய ஃபோக்ஸ்வேகன் காரைக் காட்டி, தள்ளிக்கொண்டு போக முடிந்தால் உனக்கே என்றார்கள். அப்பா தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஜெகதளா ஏற்றத்தில் தள்ள வந்தவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் அவரோடு பேசுவதில்லை.

கார் வாசலில் நின்றது. அதில் கோழிகள் குடியேறின. இஞ்சின் மட்டும் வீட்டுக்குள் வந்தது. டாக்ஸி ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அப்பாவின் கணக்கு. காருக்குள் கிடந்த ஜெர்மன் புத்தகத்தில் ஓர் எழுத்தும் எங்களுக்குப் புரியவில்லை. படங்களைப் பார்த்தே பிரித்தோம். கழற்றும்போது அப்பாவுக்கு வருகிற வேகம் மாட்டும்போது வராது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். டீச்சர் எழுப்பி நிறுத்தினாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என்னிடம் கேள்வி கேட்காத ஒரே ஆள் அந்த இஞ்சின்தான். அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

பிஸ்டனைச் சூடாக்கினால்தான் அதைக் கோத்து நிறுத்தும் ‘பின்’ என்கிற கம்பி அதற்குள் வழுக்கிக்கொண்டு போகுமாம். புத்தகத்தின் படத்தில் பிஸ்டனிலிருந்து ஆவி பறந்தது. எங்கள் வீட்டில் ஆவி பறக்கும் பாத்திரம் ஒன்றே ஒன்றுதான். அம்மா மூடியைத் திறந்தபோது நாலு பிஸ்டனும் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

“என்ன கருமம்டி இது?”

“வெந்திருச்சா பாரு இசக்கி,” என்றார் அப்பா.

அதோடு அம்மாவின் பொறுமை தீர்ந்தது. “ஞாயித்துக்கிழமை முனியசாமியை வரச் சொல்லியாச்சு. இந்த ஊட்டுக்கு உபயோகமில்லாத சாமான் எதுவும் இனி இங்க இருக்கப்படாது. உங்களைத்தான் எடைக்குப் போட முடியல.”

“இது சாதாரண இஞ்சின் இல்ல இசக்கி. ரேடியேட்டர் கிடையாது, தண்ணி ஊத்த வேண்டாம். வெறுங்காத்துலயே ஓடும்.”

“காத்து வாங்கிட்டே காலத்தை ஓட்டுமா? அப்ப அது உங்க கூடப்பொறந்ததுதான்.”

சனிக்கிழமை காலையில் அம்மா காந்தலில் இருக்கும் ராஜகுமாரி சித்தி வீட்டுக்குக் கிளம்பினாள். வீட்டுக்குக் கீழே இருக்கும் எங்கள் தேயிலைச் செடிகளில் முந்தின நாள் அவள் பறித்த கொழுந்து வாசல் மூலையில் குவிந்து கிடந்தது. இந்த வாரம் இலை வேண்டாம் என்று தேயிலை ஃபேக்டரியில் திருப்பிவிட்டிருந்தார்கள். “செடிக்கடியில கொட்டிரு, எருவாகட்டும்,” என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது குவியலைப் பார்க்கவில்லை.

பஸ் சத்தம் மறைந்ததும், ஒருவழியாக மாட்டி முடித்திருந்த இஞ்சினை விறகுக் கொட்டகைக்குத் தூக்கிப்போய் மரச்சட்டத்தில் முடுக்கினோம். புகைக்குழாயைச் சுவருக்கு வெளியே விட்டு, இரவல் பேட்டரியின் வயரை அப்பா ஒட்டினார். இஞ்சின் இருமியது. தும்மியது. பிறகு தகரக்கூரை ஆட ஓடத் தொடங்கியது.

வேலிக்கு அந்தப் பக்கம் தபித்தாள் அக்கா தலையை நீட்டினாள். “ஏனுங்கண்ணா, ஃபேக்டரியை உங்க ஊட்டுக்கே மாத்திட்டாங்களா?”

அப்பா பெருமையில் காதே கேட்காதவர்போல நின்றார். நான் என் காலைப் பார்த்தேன். சுடச்சுடக் காற்று. குளிர்தேசத்துக் கார் அல்லவா, உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கால் விறைக்காமல் இருக்க இஞ்சின் சூட்டில் காய்ந்த காற்றைத் தனிக் குழாயில் உள்ளே விட ஏற்பாடு செய்திருந்தார்கள். இப்போது இஞ்சின் காருக்குள் இல்லை. காற்று சும்மா என் காலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்பாவின் சட்டையை இழுத்து, கொழுந்துக் குவியலைக் காட்டினேன். குழாயைக் காட்டினேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

“அடிப் பாவி,” என்றார், மிகுந்த மரியாதையோடு.

பிரித்து மாட்டிய இஞ்சினை எப்படியும் நாள் முழுக்க ஓடவிட்டுப் பழக்க வேண்டும். கட்டில் சட்டத்தில் அம்மாவின் நைலான் சேலையை இழுத்துக் கட்டி, கொழுந்தைப் பரப்பி, அடியில் குழாயை விட்டோம். இலை வாடியதும் துணி துவைக்கும் கல்லில் வைத்து உள்ளங்கையால் உருட்டினேன். ஈரத்துணி போட்டு மூடி, செம்புநிறம் வந்ததும் மறுபடியும் சூட்டுக் காற்றில் காயவைத்தேன். முதல் ஈட்டில் டீ போட்டு அப்பாவுக்குக் கொடுத்தேன்.

“நல்லாருக்கு. ஆனா குடிச்சவங்க பக்கத்துல யாரும் பீடி பத்த வெக்கக்கூடாது.”

குழாயின் இணைப்பு ஒன்று தளர்ந்து பெட்ரோல் வாடையை இழுத்திருந்தது. அதை இறுக்கினேன். இரண்டாம் ஈட்டில் இலை வாசம் மட்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும், தராசைத் தோளில் போட்டுக்கொண்டு முனியசாமியும் ஒன்றாகவே படியேறினார்கள். நான் ஆளுக்கொரு டம்ளர் டீ வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போனேன்.

முனியசாமி ஒரு மடக்குக் குடித்தார். தராசைக் கீழே வைத்துவிட்டு மறு மடக்குக் குடித்தார். “ஏனுங்கக்கா, இது எந்த எஸ்டேட்டுத் தூளுங்க?”

“நான் வாங்கலீங்களே.” அம்மா டம்ளரை மூக்கருகே கொண்டு போனாள். “ஏனுங்க, கடனுக்கா வாங்கினீங்க?”

அப்பா கூரையில் எதையோ தேடினார். எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். நாக்கு எனக்கு ஒட்டிக்கொண்டது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வயரை ஒட்டினேன். இஞ்சின் உறுமியது. அவள் கையை அந்தக் குழாயின் வாயில் பிடித்தேன். பிறகு கட்டிலைக் காட்டினேன். அவளுடைய சேலை. அதன்மேல் சுருண்டு கறுத்து மணத்துக் கிடந்தது அவள் எருவுக்குப் போடச் சொன்ன கொழுந்து.

அம்மா ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்து முகர்ந்தாள்.

“எனக்குக் கால் கிலோ கட்டிருங்கக்கா,” என்று பின்னாலிருந்து கத்தினார் முனியசாமி. “அப்ப இந்த இரும்பை எடை போடறதா, வேண்டாமா?”

“பொறு முனியசாமி, இசக்கி சொல்லட்டும்,” என்றார் அப்பா.

அம்மா சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்பாவை ரொம்ப நேரம் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் யாரும் கொழுந்து பறிப்பதில்லை. அவள் கொழுந்து பறிக்கப் போகும்போது கட்டும் படங்குத் துணியை இடுப்பில் சுற்றிக் கட்டினாள். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டாள். தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிப் போனாள்.