தாமதத்துக்குத் தள்ளுபடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது ஒட்டுக்கேட்ட கதை. என் ஓட்டைக் காரைச் சர்வீசுக்கு விட்டுவிட்டு ஷோரூமில் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் புதுக் காருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"முன் சீட்டு முழுசாச் சாயுமா? படுத்துக்கிட்டே போகலாமா?"

"யாருக்கு சார்?" என்றாள் விற்பனைப் பெண்.

"சும்மாதான் கேட்டேன்."

என் காதில் விழுந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

அன்று வானம் இருண்டு... (வேண்டாம். வானத்துக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?)

அவர் மனைவிக்கு முதுகெலும்பில் புற்று. "ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு ஒரே ஆசைதான். தங்கை வீட்டு வாசலில் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும்.

(வாடகைக்கு எடுக்கலாமே என்பீர்கள். அவரும் சொல்லிப் பார்த்தார். "காலம் பூரா வாடகைதானே? ஒரு தடவையாவது நம்ம வண்டியில போறேனே" என்றாள்.)

3

அவசரத்தைக் காட்டினால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்பது அவர் தொழிலில் பாலபாடம். அதனால் நோயைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"விலை கட்டுப்படியாகாதும்மா. எனக்கு வண்டி ஒண்ணும் அவசரமில்ல."

(இந்த வாக்கியத்தை அடித்து அடித்து எழுதினேன். பாவி மனுஷர், ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னார்.)

"அப்ப நல்லதாப் போச்சு சார். கைவசம் ஒரே வண்டிதான் இருக்கு. அதுக்கு இன்னொருத்தர் துடிக்கிறார். அவருக்கு விட்டுக்குடுங்க. அடுத்த லாட்டு வண்டிங்க வர நாலு மாசம் ஆகும். மேனேஜர்கிட்ட பேசி நீங்க கேட்ட விலைக்கே தர்றேன்."

கேட்ட விலை என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் கை தானாக நீண்டது. கையெழுத்துப் போட்டுவிட்டார். படியிறங்கும்போதுதான் அந்த நாலு மாசம் உறைத்தது.

4

ஒரு முடிவு: திரும்பி ஓடி எல்லாவற்றையும் கொட்டினார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள் அந்தப் பெண், கண்கலங்கி. அந்த வண்டிக்கு ரசீது போட்டாயிற்று.

இன்னொரு முடிவு: வண்டியை வாங்கியவரைத் தேடிப் போய்க் காலில்... (கிழித்துவிட்டேன். உலகம் அத்தனை நல்லதாக இருந்தால் நான் ஏன் கதை எழுதுகிறேன்?)

5

ஆகவே வீட்டுக்கே வந்தார். அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"பேசி முடிச்சாச்சா?"

"கேட்ட விலைக்கே முடிச்சிட்டேன்."

"உங்ககிட்ட யாரு ஜெயிக்க முடியும்?" வலியோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுதும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. "தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்லணும். வண்டி என்னைக்கு வருது?"

அவர் என்னைப் பார்க்கிறார். நோயைக் கொடுத்தவன் நான், தேதியைத் தள்ளியவன் நான். ஆனாலும் இந்தப் பதில் என்னால் ஆகாது. நீங்கள் சொல்லுங்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.