மணியத்தின் தலைவலியும் உமாராணியின் முகூர்த்தமும்

மணியத்தின் தலைவலிக்கு நாள் பார்க்கத் தெரியும். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு அவர் லோரி ஓட்டும் சாதாரண நாட்களில் அது எட்டிக்கூடப் பார்க்காது. வீட்டில் நல்ல காரியம் என்றால் மட்டும், அழைப்பிதழ் வைத்துக் கூப்பிட்டது போல முதல் ஆளாக வந்து நிற்கும். வந்துவிட்டால் வெளிச்சம் ஆகாது, கரண்டி விழும் சத்தம் ஆகாது, ஒரு வாய்த் தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. மகள் உமாராணி தாதிப் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கிய அன்று மனிதர் ஜன்னலை மூடிக்கொண்டு இருட்டறையில் சுருண்டு கிடந்தார். மனைவி செல்லாயிதான் தனியாகப் போய்க் கைதட்டிவிட்டு வந்தாள். அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது அதே மகளுக்குக் கல்யாணம். சுங்கை பட்டாணி கோயில் மண்டபத்தில் மாலை முகூர்த்தம். பாக்கார் ஆராங்கில் இருக்கும் வீட்டில் காலையில் நலங்கு முடிந்த கையோடு, மணியம் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். செல்லாயி காத்திருக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் அவரைக் காடியில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள்.

டாக்டர் நிதானமாக விசாரித்தார். வயிற்றுப்புண் உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா. எதுவும் இல்லை என்றதும் ஓர் உறையை நீட்டினார். உள்ளே பிளாஸ்டிக்கில் அடைத்த, சுண்டுவிரல் நுனி அளவுள்ள வெள்ளைக் குண்டுகள்.

"மாத்திரை குடுத்தா வாந்தியிலே போயிரும். இது பின்பக்கமா உள்ளே வைக்கிறது. நேரா வேலை செய்யும். வீட்டுக்குப் போனதும் ஒன்னு வைங்க. மிச்சத்தைக் குளிர்ச்சியான இடத்திலே வைங்கம்மா."

திரும்பி வரும் வழியெல்லாம் மணியம் கண்ணைத் திறக்கவில்லை. வாய் மட்டும் திறந்தது. "நான் என்ன பச்சப்புள்ளையா? இதெல்லாம் நமக்கு வேணாம் லா. கொஞ்ச நேரம் படுத்தா சரியாப் போயிரும்."

செல்லாயியும் வற்புறுத்தவில்லை. அவளுக்கு வேறு ஒரு சிக்கல் இருந்தது. குளிர்ச்சியான இடம் என்றால் குளிர்சாதனப் பெட்டி. அதற்குள்ளே கல்யாண மாலை இருக்கிறது, சாமிக்கு வைத்த பால் இருக்கிறது, அரைத்த மஞ்சள் இருக்கிறது. பெட்டியைக் கழுவித் துடைத்து, ஒரு முட்டைகூட உள்ளே போகாமல் ஒரு வாரமாகக் காவல் காக்கிறாள். அந்த இடத்தில் போய் இந்த மருந்தை வைப்பதா? நினைக்கும்போதே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றியது. ஏர்கோன் ஓடிய காடி அப்போது ஜில்லென்று இருந்தது. உறையைக் காடியின் முன்பலகையில், கண்ணாடிக்குக் கீழே வைத்துக் கதவைச் சாத்தினாள். நல்ல இடமாகப் பிடித்துவிட்ட திருப்தி அவளுக்கு.

மத்தியானம் மணியம் வாந்தி எடுத்தார். இஞ்சித் தண்ணீர் வெளியே வந்தது. வெறும் தண்ணீரும் வந்தது. அதற்குப் பிறகு அது போல ஒரு கல்யாண வீட்டை ஊரே பார்த்திருக்காது. பாட்டு நின்றது. அடுப்படியில் பெண்கள் சைகையில் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளை வெளியே விரட்டியாயிற்று.

ஒரே ஒருவர் மட்டும் சுறுசுறுப்பாக நடமாடினார். மணியத்தின் அண்ணன் பழனியாண்டி, சிடாம் கிரியிலிருந்து வந்தவர். அவருக்கு எல்லாம் ஆண் பிள்ளைகள். பெண்ணைத் தாரைவார்க்கும் பாக்கியம் இல்லையே என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், ஜரிகை வேட்டியைத் தயாராகக் கொண்டு வந்திருந்தார்.

"தம்பிக்கு முடியலேன்னா என்னம்மா, நான் உட்கார்றேன். நீ ஒன்னும் யோசிக்காதே," என்றார் செல்லாயியிடம். அப்போதே பாதி வேட்டி கட்டியாகிவிட்டது.

நல்ல மனிதர்தான். ஆனாலும் செல்லாயிக்கு மனம் ஒப்பவில்லை. பெற்றவர் இங்கே இருட்டில் கிடக்க, அங்கே மகள் கையை இன்னொருவர் பிடித்துக் கொடுப்பதா? ஒப்பனைக்காரி ஷீலாவின் முன்னால் உட்கார்ந்திருந்த உமாராணியிடம் போய் நின்றாள். ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டியிருந்த உமாராணி, அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே தாதியாகிவிட்டாள்.

"டாக்டர் என்ன குடுத்தாரு?"

"குண்டு மருந்துடி. காடியிலே இருக்கு."

"காடியிலேயா? இந்த வெயில்லேயா?"

உறை வந்தது. கண்ணாடிப் பக்கம் இருந்த குண்டு உருகி எண்ணெயாய்க் கசிந்திருந்தது. மற்றவை உருக்குலையாமல் மெத்தென்று இருந்தன. உமாராணி கசிந்ததைக் கிள்ளி எறிந்தாள்.

"இதெல்லாம் இப்ப போகாது, கையிலேயே உடைஞ்சிரும். பிளாஸ்டிக்கைப் பிரிக்காம ஐஸ்லே வைங்க, இறுகிரும். அடுத்த தடவை பெட்டியிலேயே வைங்கம்மா. சாமி ஒன்னும் கோவிச்சுக்காது."

வாசலில் விருந்தாளிகளுக்கான ஐஸ் பெட்டி இருந்தது. செல்லாயி உறையைச் சோடா டின்களுக்கு நடுவே செருகினாள். அடுத்த நிமிடமே பழனியாண்டி அங்கே வந்து மூடியைத் திறந்தார். டின்னைத் தேடிய கையில் உறை அகப்பட்டது.

"இது என்னம்மா, மிட்டாயா?"

"தொடாதீங்க மாமா, சாமி சாமான்," என்றாள் செல்லாயி. வாயில் வந்தது அதுதான். பழனியாண்டி பயபக்தியோடு அதை ஐஸுக்குள் திரும்ப வைத்து, மூடியின் மேல் உட்கார்ந்து காவலும் காத்தார்.

குண்டு இறுகியது. ஆனால் மணியம் இளகவில்லை. செல்லாயி கிட்டே வரக்கூடாது, மகள் உள்ளேயே வரக்கூடாது. வேண்டுமானால் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். உமாராணி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மருதாணிக் கையைக் கதவில் ஊன்றி நின்றாள். பின்னால் ஷீலா, மைக்குச்சியோடு.

"அப்பா, கக்கூஸ் போயிட்டு வந்துட்டீங்கதானே? கை கழுவினீங்களா?"

"ம்."

"பிளாஸ்டிக்கை உரிச்சிட்டீங்களா?"

அப்போதுதான் உள்ளே பிளாஸ்டிக் கிழியும் சத்தம் கேட்டது. அடுப்படியில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சத்தம் போடாத வீடு அல்லவா, ஒவ்வொரு வார்த்தையும் வாசல்வரை போய்க்கொண்டிருந்தது.

"லேசாத் தண்ணியிலே நனைச்சுக்குங்க. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. மேல் காலை மடக்குங்க. கூரான பக்கம் முதல்லே. இறுக்காதீங்கப்பா, மூச்சை மெதுவா விடுங்க. விரல் ஒரு கணு அளவு உள்ளே போகணும்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"முடிஞ்சிதாப்பா?"

"நீ போய் அந்தக் கண்ணுக்கும் மை வைம்மா," என்றது உள்ளேயிருந்து குரல்.

"எழுந்திரிக்காதீங்க. உடனே எழுந்தா வெளியே வந்திரும். இன்னிக்கு வேறே வலி மாத்திரை எதுவும் தொடக்கூடாது."

"குளிக்கணுமேடி, மணவறையிலே உட்கார்ற ஆளு," என்று செல்லாயி கவலைப்பட்டாள்.

"கால்மணி நேரம் கிடக்கட்டும். அப்புறம் தாராளமாக் குளிப்பாட்டுங்க."

செல்லாயி கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். கால்மணி நேரம் போனது. அதற்கு மேலும் போனது. மேளக்காரர்கள் மண்டபத்துக்கு வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. பழனியாண்டி வேட்டியின் மறுபாதியையும் கட்டி முடித்தார். குலதெய்வத்தையெல்லாம் கூப்பிட்டு முடித்து, செல்லாயி சம்பந்தி வீட்டுக் குலதெய்வத்தைக் கூப்பிடப் போன நேரம், கதவு திறந்தது.

மணியம் கண்ணைச் சுருக்காமல் நின்றார். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் நேராக விழுந்தது.

"ஏ செல்லாயி, பசிக்குது. இட்டிலி ஏதும் மிச்சம் இருக்கா?"

செல்லாயிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பழனியாண்டியின் முகம் ஒரு கணம் வாடியது உண்மை. அடுத்த கணமே தம்பியின் தோளைப் பிடித்துக் குளியலறைப் பக்கம் தள்ளினார். "வெளங்காதவனே, சீக்கிரம் குளிச்சிட்டு வாடா. வேட்டியை நான் கட்டிவிடறேன்."

மண்டபத்தில் விளக்கு வெளிச்சம் கண்ணைப் பறித்தது. மணியம் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளை வசந்தனின் கையில் வைத்தார். செல்லாயி செம்பிலிருந்து வார்த்த நீர் பக்கத்தில் சிந்தியது. "மெதுவா ஊத்து," என்று சொல்லி அவளுடைய மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டார். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாலி எடுத்ததும் கெட்டிமேளம் எழுந்தது. தவில்காரர் மணியத்தின் காதுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றார். செல்லாயி பதறிப்போய்க் கையை நீட்டி அவரை அடக்கப் போனாள். மணியம் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். அவர் கன்னத்தில் கண்ணீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது. தவில்காரர் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் பலமா அடிப்பா."