பத்துத் துளைப் பித்தளைத் தகடு

பஸ் டிரைவராக முப்பது வருஷம் ஓடித் திரிந்த மனுஷன், நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கட்டிலே கதி என்று கிடந்தார். நடக்கச் சொன்னார் டாக்டர். சொன்னால் கேட்கிற ஆளா? மனைவி கெஞ்சினாள், கோபித்தாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். எட்டு மாதம் ஓடியதுதான் மிச்சம். கடைசியில் மகள் ஒரு மெட்டல் டிடெக்டரை வாங்கி அனுப்பி, “புதையல் கிடைச்சா பாதி எனக்குப்பா” என்று போனில் சொன்னாள்.

புதையலுக்கு எங்கே போவது? வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையில், நாலு ஆணிக்கும் ஒரு சோடா மூடிக்கும் பிறகு, விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் தகடு கிடைத்தது. அதில் வரிசையாகப் பத்து நீளத் துளைகள், நெட்டையிலிருந்து குட்டை வரை.

“என்னம்மா இது?”

மனைவிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மவுத் ஆர்கனுக்குள் இருக்கும் தகடு. சின்ன வயதில் அண்ணனுடையதைக் கழற்றிப் போட்டு உதை வாங்கியவளுக்குத் தெரியாமல் இருக்குமா? சொல்ல வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் அன்றுதான் அதில் ஒரு களை தெரிந்தது. சொல்லிவிட்டால் ‘ப்பூ, இவ்வளவுதானா’ என்று மறுபடி கட்டிலில் போய் விழுந்துவிடுவார்.

“தெரியலையேங்க. யாரையாவது கேட்டுப் பாப்போமா?”

மறுநாள் பூட்டு ரிப்பேர்காரரிடம் நடந்தார்கள். பழைய பூட்டின் உள்பாகம் என்று அவர் சத்தியமே செய்தார். இரும்புக்கடையில் ஏதோ மிஷின் பாகம் என்றார்கள். மீன்காரர் செதில் சுரண்டுவது என்றார். பொய் சொல்கிறோமே என்று அவளுக்கு உறுத்தல்தான். ஆனால் தெருமுனைக்கே மூச்சு வாங்கியவர் பத்து நாளில் கடைத்தெரு வரை வந்துவிட்டாரே! ஒருநாள் துளையில் இருந்த மண்ணை ஊதப் போனார். “ஊதா...” என்று பதறியவள், “ஊதாக் கலர் சேலையைக் கட்டிக்கிட்டு வரேன், இருங்க” என்று சமாளித்தாள். பீரோவின் அடியிலிருந்து அதைத் தேடி எடுக்க அரைமணி ஆயிற்று.

மிச்சமிருந்தது மாடியிலுள்ள வாட்ச் கடை. பதினெட்டுப் படி. அவரைக் கீழே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவள் மட்டும் ஏறினாள்.

“இது மவுத் ஆர்கன் தகடுன்னு எனக்குத் தெரியுங்க,” என்றாள் கடைக்காரரிடம். “எங்க வீட்டுக்காரர் கேட்டா மட்டும் தெரியாதுன்னு சொல்லிடுங்க. தெரிஞ்சா நடக்கிறதை விட்டுடுவார்.”

கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“நீங்க மருந்து வாங்கப் போன நேரம் பாத்து, முந்தாநாள் அவரே வந்தாரும்மா. நாலு படிக்கு ஒருதரம் நின்னு நின்னு ஏறினாரு. அவருக்கும் தெரியும். கூட வேலை பாத்த கண்டக்டர் ஒருத்தர் வெச்சிருந்தாராம். ‘என்னைப் பாத்துக்கிட்டே வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தவ, இப்பதான் வெளியே வரா, சிரிக்கிறா. அவ கேட்டா தெரியாதுன்னு சொல்லிடுங்க’ன்னாரு.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினெட்டுப் படி, அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு, அவளுக்காக. அந்த மனுஷன் மேல் பொங்கி வந்த பிரியத்தை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

“என்னவாம்?”

“அவருக்கும் தெரியலையாம்.”

“அடடா. அப்ப நாளைக்கு?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரக்கடை இருக்காம். தூரம்தான்.”

“இருக்கட்டும்மா, நடக்கலாம்,” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.