பத்து நிமிடம் முந்திய வீடு

மனித குல வரலாற்றில் சரியான நேரத்தைக் கடைசியாகக் காப்பாற்றியவன் நான். இதில் துளியும் மிகையில்லை. குச்சியை நட்டு நிழலை அளந்தார்கள். மேகம் வந்து கெடுத்தது. பாத்திரத்தில் ஓட்டை போட்டுத் தண்ணீரைச் சொட்டவிட்டார்கள், குளிரில் உறைந்தது. மணலைக் கொட்டினார்கள், ஊசலை ஆட்டினார்கள், கடைசியில் அணுவையே பிடித்து உட்காரவைத்து, பல லட்சம் ஆண்டுகளுக்கு ஒரு நொடிகூடப் பிசகாத கடிகாரம் செய்தார்கள். இத்தனை பேர் உழைப்பையும் என் அக்கா ஒரே விரலால் நாசமாக்கினாள். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தாள்.

அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொண்டு, நிதானமாகத் தாமதமானார்கள்.

நேற்று மாலை நான் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைச் சரிசெய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சேவையைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது.

இன்று காலை அக்காவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தேர்வு. ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். அடுத்த தேர்வு இரண்டு வருடம் கழித்துத்தான். அதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். கடிகாரத்தில் எட்டு முப்பத்தெட்டு. அக்கா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கிளம்பலையாக்கா?"

"எட்டரை பஸ்ஸுடா. தெருமுனைதான, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

பத்தைக் கழித்திருக்கிறாள். பஸ் போய் எட்டு நிமிடம் ஆகிவிட்டது.

"அக்கா... அந்தக் கடிகாரம் இப்ப கரெக்டா ஓடுது."

"யாரு கை வெச்சது?"

"அறிவியல்."

பாலிஷ் பிரஷ் என் காதை உரசிக்கொண்டு பறந்தது. "பைக்கை எடுடா, அறிவியல்!"

வழியெல்லாம் முதுகில் குத்து விழுந்தது. சிக்னலில் நின்றால் இரண்டு. போய்ச் சேர்ந்தபோது காவலாளி கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார். பைக் நிற்பதற்குள் அக்கா குதித்து, இடுக்கில் பக்கவாட்டாக நுழைந்துவிட்டாள்.

மதியம் போன் வந்தது. "பாஸாயிட்டேன்டா! மேலருந்து பாத்தா லாரியெல்லாம் சோப்பு டப்பா மாதிரி இருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு டூட்டி" என்றாள்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"என்னடா பண்ற?" என்றார் அப்பா, பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"தூசி தட்டுறேன்பா."

பெரிய முள்ளைப் பத்து நிமிடம் தள்ளினேன். பிறகு இன்னும் ஒரு மூன்று. அந்த மூன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.